வாரநாளில் பயணிகள் விமானம், வார இறுதியில் படை விமானம்: ரிசர்வ் விமானிகள் எப்படிப் பறக்கிறார்கள்?

கேட்கப்பட்ட கேள்வி இது: அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஒருவர், மாதத்தில் சில நாள் சீருடை மாட்டிக்கொண்டு விமானப்படையின் சி-17 என்ற பெரிய சரக்கு விமானத்தை ஓட்டுகிறார் என்கிறார்கள். முழுநேர விமானப்படைக்காரர்களோடு ஒரே காக்பிட்டில் அவரை எப்படி நம்பி உட்காரவைக்கிறார்கள்? பகுதிநேரம் என்றால் திறமையும் பாதிதானே இருக்கும்? இந்தியாவில் இப்படி ஏதாவது உண்டா?

திறமை பற்றிய சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் முதலில் எழுவது அதுதான். நிலைமை பெரும்பாலும் நேர்மாறாக இருக்கிறது. ஒரு சி-17 காக்பிட்டில் முழுநேரப் படை விமானியும் ரிசர்வ் (பகுதிநேரப் படை) விமானியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அதிக மணிநேரம் பறந்தவர் அந்த ரிசர்வ் விமானியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

காரணம் எளிது. அமெரிக்க விமானப்படையில் விமானிப் பயிற்சி முடித்தவர் அதன் பிறகு 10 ஆண்டுகள் சேவை செய்தாக வேண்டும். அந்தக் கடமை முடியும்போது அவருக்கு வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு இருக்கும். அதுவரை முழுநேரமாகப் பறந்தவர், பயிற்றுநராகவும் ஆகியிருப்பார். அப்போதுதான் விமான நிறுவனங்கள் அவரைக் கூப்பிடுகின்றன. நல்ல சம்பளம், பிள்ளைகள் ஒரே ஊரில் ஒரே பள்ளியில் படிக்கலாம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்ற வேண்டாம். அவர் கிளம்பிவிடுகிறார். ரிசர்வ் அமைப்பு இல்லையென்றால் அத்தனை வருட அனுபவமும் அன்றோடு படைக்கு இல்லாமல் போகும். ரிசர்வ் இருப்பதால் அவர் முழுநேர வேலையை மட்டும் விடுகிறார், விமானத்தை விடுவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. சில ரிசர்வ் படையணிகளும், ஏர் நேஷனல் கார்டு எனப்படும் மாநிலங்களின் பகுதிநேர விமானப் படையணிகளும், படையில் ஒருநாள்கூட இருந்திராத இளைஞர்களையே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றன. பட்டப்படிப்பு முடித்து, சொந்தச் செலவில் தனியார் விமானி உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஒருவர் படையணியில் விண்ணப்பிக்கிறார், நேர்காணலுக்குப் போகிறார், அங்குள்ள விமானிகளே பார்த்துப் பேசி எடுக்கிறார்கள். எடுத்த பிறகு அவர் போவது முழுநேரக்காரர்கள் போகும் அதே பயிற்சிப் பள்ளிக்கு. சுமார் ஒரு வருடம் அதே விமானங்கள், அதே பயிற்றுநர்கள், அதே தேர்வுகள். ரிசர்வுக்கென்று ஒரு சுருக்கப்பட்ட பாடத்திட்டம் கிடையாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த ஏற்பாடு முழுக்க நிற்பதே தரம் ஒன்றுதான் என்ற விதியின் மேல்.

தரம் எப்படிப் பார்க்கப்படுகிறது? குறிப்பிட்ட கால இடைவெளியில் செக்-ரைடு உண்டு. தேர்வு செய்யும் விமானி கூடவே பறந்து மதிப்பெண் போடுவார். எழுத்துத் தேர்வு உண்டு. அவசரக்கால நடவடிக்கைகளில் முக்கியமானவற்றைச் சொல் பிசகாமல் மனப்பாடமாக எழுத வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் வந்து உட்காரும் தேர்வாளர்களும் உண்டு. இத்தனை நாளுக்குள் இத்தனை தரையிறக்கம், இத்தனை இரவுப் பறப்பு, இத்தனை முறை வானில் எரிபொருள் வாங்குதல் என்று கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு தவறினால், மேலே லெப்டினன்ட் கர்னல் பட்டை இருந்தாலும் பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் பறக்க முடியாது. இந்தக் கணக்கு ரிசர்வ் விமானிக்கும் முழுநேர விமானிக்கும் ஒன்றே.

'மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம்' என்று ரிசர்வ் சேவையைப் பற்றிச் சொல்வார்கள். எழுத்தர், மருத்துவப் பணியாளர் போன்றவர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். விமானிகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. வார இறுதிப் பயிற்சி நான்கு மணிநேரக் கூறுகளாகக் கணக்கிடப்படுகிறது. ஒரு கூறுக்கு ஒருநாள் அடிப்படைச் சம்பளம். வருடத்துக்கு இப்படி 48 கூறுகள் எல்லோருக்கும் உண்டு. பறக்கும் பணியில் இருப்பவர்களுக்கு, பறப்புப் பயிற்சிக்காகவே இன்னும் 48 வரை தனியாகக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் நெடுந்தூரப் பயணங்களுக்குத் தனி உத்தரவு. தேர்ச்சியைத் தக்கவைத்துக்கொள்ள மாதத்தில் ஒரு வாரம் போல் போய்விடும். 'வார இறுதிப் படைவீரர்' என்ற கேலிப்பேச்சு இதை அறியாதவர்களிடமிருந்துதான் வருகிறது.

இனி, ஒரே காக்பிட்டில் இருவரும் எப்படி வந்தார்கள் என்பது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1960-களின் நடுவில் அமெரிக்க விமானப்படைக்கு சி-141 என்ற ஜெட் சரக்கு விமானம் வந்தது. அதுவரை ரிசர்வ் படையணிகளுக்கு முழுநேரப் படை ஓட்டித் தேய்ந்த பழைய விமானங்களைத்தான் தள்ளிவிடுவார்கள். ரிசர்வ் என்றால் இரண்டு எஞ்சின் சி-119, நான்கு எஞ்சின் சி-124 போன்ற பிஸ்டன் விமானங்கள். அவையும் ஓய்வு பெறும் வயதை எட்டிவிட்டன. புது ஜெட்டுகளை வாங்கி ரிசர்வுக்கென்று தனியாகக் கொடுக்கப் பணமில்லை. அதே நேரத்தில் வேறொரு உண்மையும் தெரிந்தது: ஜெட் விமானம் களைப்பதில்லை, குழுதான் களைக்கிறது. போர் வந்தால் அந்த விமானத்தை ஒரு நாளில் பல மணிநேரம் பறக்கவைக்க முடியும், ஆனால் அதற்கு ஒரு விமானத்துக்குப் பல குழுக்கள் வேண்டும். அத்தனை குழுக்களையும் அமைதிக் காலத்தில் முழுநேரச் சம்பளத்தில் வைத்திருப்பது கட்டுப்படியாகாது.

விடை 1968-ல் கலிபோர்னியாவின் நார்ட்டன் தளத்தில் வந்தது. விமானம் முழுநேரப் படையணியின் சொத்து. அதே தளத்தில் ஒரு ரிசர்வ் படையணி. அதற்குச் சொந்த விமானம் ஒன்றுகூட இல்லை. விமானிகளும் பராமரிப்புத் தொழில்நுட்பர்களும் மட்டும். இரு தரப்பும் ஒரே விமானங்களை ஓட்டும், ஒரே விமானங்களைப் பழுதுபார்க்கும். 'அசோசியேட்' ஏற்பாடு என்று இதற்குப் பெயர். இன்றும் டிராவிஸ் தளத்தில் 60-வது விங்குக்கு (விங் என்பது பெரிய படையணி) இணையாக ரிசர்வின் 349-வது விங், டோவரில் 436-க்கு இணையாக 512, சார்ல்ஸ்டனில் 437-க்கு இணையாக 315, மெக்கார்டில் 62-க்கு இணையாக 446 என்று இது ஓடிக்கொண்டிருக்கிறது. 1970-ல் பாதுகாப்புச் செயலர் மெல்வின் லெயர்ட் முழுநேரப் படையையும் ரிசர்வையும் ஒரே படையாகத் திட்டமிட வேண்டும் என்று கொள்கையாக எழுதியபோது, சரக்கு விமானப் பிரிவு அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது.

ஒரு பயணத்தில் குழு முழுவதும் முழுநேரக்காரர்களாக இருக்கலாம், முழுவதும் ரிசர்வாக இருக்கலாம், கலந்தும் இருக்கலாம். சி-17-க்கு இரண்டு விமானிகளும், சரக்கைக் கவனிக்கும் ஒரு லோட்மாஸ்டரும் போதும். நீண்ட பயணமானால் கூடுதலாக ஒருவர். யார் தலைமை? பதவி பார்த்து முடிவாவதில்லை. பறப்பு உத்தரவில் விமானத் தலைவர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவரே தலைமை. படையில் கேப்டன் என்ற இளநிலைப் பதவியில் உள்ள இருபத்தெட்டு வயதுக்காரர் விமானத் தலைவராகவும், அவரைவிடப் பதவியில் மூத்த லெப்டினன்ட் கர்னல் துணை விமானியாகவும் பறப்பது சாதாரணம். நம் ஊர் அலுவலகப் பழக்கத்தில் ஊறியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த ஒரு பழக்கம் இல்லையென்றால் கலப்புக் குழு ஒருநாளும் ஓடாது.

பயணிகள் விமானத்தில் கிடைக்காத, படை விமானத்தில் மட்டுமே வரும் ஒரு வேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்தால் ரிசர்வ் விமானியின் சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும். வானில் எரிபொருள் வாங்குவது. இரவு. முன்னால் டேங்கர், அதாவது எரிபொருள் கொடுக்கும் விமானம். சி-17 கீழிருந்து, பின்னாலிருந்து, மிக மெதுவாக நெருங்குகிறது. டேங்கரின் வயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள் எரிகின்றன: மேலே வா, கீழே போ, முன்னே வா, பின்னே போ என்று அவைதான் வழிகாட்டி. டேங்கரின் வாலில் இருந்து நீளும் குழாயை ஓர் ஆபரேட்டர் இயக்குகிறார். அந்தக் குழாய் விமானியின் தலைக்கு மேலே, கண்ணாடிக்கு வெளியே நகர்ந்துபோய், கூரையில் உள்ள துளையில் பொருந்த வேண்டும். சி-17, சி-5 போன்ற பெரிய விமானம் நெருங்கும்போது அது தள்ளிக்கொண்டு வரும் காற்று டேங்கரின் வால்பகுதியை உயர்த்தும்; டேங்கர் அதற்கு ஈடுகொடுத்துச் சரிசெய்யும்; அந்தச் சரிசெய்தலுக்குப் பின்னாலுள்ளவர் ஈடுகொடுக்க வேண்டும். பொருந்திய பிறகும் பல நிமிடங்கள் அதே இடத்தில் நிற்க வேண்டும், எரிபொருள் ஏற ஏற விமானத்தின் எடை கூடி அதன் குணம் மாறிக்கொண்டே இருக்கும். கைகள் கட்டுப்பாட்டை இறுகப் பிடித்தால் விமானம் அலைபாயத் தொடங்கும். மெல்லிய, இடைவிடாத சின்னச் சின்னத் திருத்தங்கள்தான் வேலை.

இதைப் பயணிகள் விமானத்தில் பழக வழியே இல்லை. அங்கே இன்னொரு விமானத்தின் பக்கத்தில் போவதே விபத்துக்குச் சமம். ரிசர்வ் விமானி நிறுவனத்தில் மாதம் எத்தனை முறை இறங்கினாலும், இந்தக் கை மழுங்கிக்கொண்டுதான் இருக்கும். இரவுப் பார்வைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு விளக்கில்லாத மண் ஓடுபாதையில் இறங்குவதும், பாராசூட் வீரர்களைக் குறித்த நொடியில் இறக்குவதும் அப்படியே. மறுபக்கம், நெரிசலான விமான நிலையங்கள், மோசமான வானிலை, இருவர் பேசிப் பிரித்துச் செய்யும் ஒழுங்கு ஆகியவற்றில் நிறுவன விமானிக்கு வாரந்தோறும் பழக்கம். முழுநேரப் படையின் இளம் விமானிக்கு அது குறைவு. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்தால் இருவருக்கும் ஆதாயம். இது வெறும் நல்லெண்ணப் பேச்சு இல்லை. அசோசியேட் படையணிகளில் முழுநேர இளைஞர்களுக்குப் பயிற்றுநராக ரிசர்வ் விமானிகளே பலமுறை உட்காருகிறார்கள்.

இன்னும் ஓர் ஆதாயம் உண்டு, பலர் கவனிக்காதது. முழுநேரப் படை விமானியை மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். ரிசர்வ் விமானி ஒரே படையணியில் இருபது வருடம் இருப்பார். அதனால்தான் மிக அரிதான, பழகப் பல வருடம் பிடிக்கும் வேலைகள் ரிசர்வ் கைகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. மிசிசிப்பியின் கீஸ்லர் தளத்தில் உள்ள 53-வது வானிலை ஆய்வு ஸ்குவாட்ரனைப் பாருங்கள். சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே விமானத்தை ஓட்டிச் சென்று அழுத்தம், காற்று வேகம் அளந்து வரும் படையணி இது. அமெரிக்கப் படைகளில் இந்த வேலைக்கு இது ஒன்றுதான், அது ரிசர்வ். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி கீஸ்லர் தளத்தையே மூழ்கடித்தது. அந்த ஸ்குவாட்ரன் வேறு தளத்துக்கு மாறிப் பறப்பதை நிறுத்தாமல் தொடர்ந்தது; பறந்தவர்களில் தங்கள் வீடுகளை அதே புயலில் இழந்தவர்களும் இருந்தார்கள். சறுக்குக் கட்டை பொருத்திய எல்சி-130 விமானங்களை கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் பனிமேல் இறக்குவது நியூயார்க் மாநில ஏர் நேஷனல் கார்டின் 109-வது விங். காட்டுத்தீ மேல் தீயடக்கிக் கலவையைக் கொட்டும் சி-130 படையணிகளும் ரிசர்வ் அல்லது கார்டு தான். பள்ளத்தாக்குக்குள் தாழ்ந்து, புகைக்குள், சில நொடிகளில் விமானத்தின் எடை டன்கணக்கில் குறையும் வேலை அது. 2012 ஜூலை 1 அன்று தெற்கு டகோட்டாவில் அப்படிப் பறந்த வட கரோலினா கார்டின் சி-130 ஒன்று விழுந்து ஆறு பேரில் நான்கு பேர் இறந்தார்கள்.

இந்தச் சேவையில் உயிரிழப்பும் பகுதிநேரமாக வருவதில்லை. 1990 ஆகஸ்டில் குவைத்தை இராக் பிடித்ததும், அதிபர் புஷ் 22-ம் தேதி ரிசர்வை அழைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கான ரிசர்வ் விமானப்படையினர் தாமாக முன்வந்து பறந்துகொண்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, 29-ம் தேதி, ஜெர்மனியின் ராம்ஸ்டைன் தளத்திலிருந்து கிளம்பிய சி-5 ஒன்றில், தரையிலிருந்து எழும்பியவுடனே ஒரு எஞ்சினின் பின்னுந்து அமைப்பு (தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க உந்துவிசையைத் திருப்பிவிடுவது) திறந்துகொண்டது. விமானம் விழுந்தது. இருந்த 17 பேரில் 13 பேர் இறந்தார்கள். ஓட்டிய குழு டெக்சாஸின் கெல்லி தளத்து ரிசர்வ் படையணியைச் சேர்ந்தது.

2001 செப்டம்பர் 11 இன்னும் நெருக்கமான உதாரணம். வாஷிங்டனைக் காக்க ஆண்ட்ரூஸ் தளத்திலிருந்து கிளம்பியது தலைநகர ஏர் நேஷனல் கார்டின் எஃப்-16 படையணி. அவர்கள் அப்போதுதான் நெவாடாவில் ஒரு பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார்கள். பகுதிநேர விமானிகள் பலர் தங்கள் விமான நிறுவன வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். ஏவுகணை மாட்ட நேரமில்லாமல் மார்க் சாசெவில், ஹெதர் பென்னி இருவரும் எழும்பினார்கள். கடத்தப்பட்ட விமானத்தைக் கண்டால் தங்கள் விமானத்தாலேயே மோதி வீழ்த்துவது என்று முடிவு. பென்னியின் தந்தை யுனைடெட் நிறுவன விமானி. அவர்கள் தேடிய விமானம் யுனைடெட் 93. அதற்குள் பயணிகள் கடத்தல்காரர்களை எதிர்த்து எழுந்ததில் அது பென்சில்வேனியாவில் விழுந்துவிட்டது. அதன் துணை விமானி லெராய் ஹோமர், வளைகுடாப் போரில் சி-141 ஓட்டியவர், விமானப்படை ரிசர்வில் மேஜர். பொது வாழ்க்கையும் படை வாழ்க்கையும் இவர்களுக்கு எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த யோசனை அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமானதல்ல. பிரிட்டனும் 1920-களிலேயே தொடங்கிவிட்டது. 1925-ல் முதல் துணை விமானப்படை ஸ்குவாட்ரன்கள் நகரங்களை மையமாக வைத்து எழுப்பப்பட்டன: கிளாஸ்கோ நகருக்கு 602, எடின்பரோவுக்கு 603, லண்டனுக்கு 600, 601. உள்ளூர் வழக்கறிஞர், விவசாயி, வங்கிக்காரர் எல்லாம் வார இறுதியில் பறந்தார்கள். இவர்களைப் பணக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு மன்றம் என்று முழுநேரப் படையினர் ஏளனம் செய்தார்கள். 1933 ஏப்ரல் 3 அன்று எவரெஸ்ட் சிகரத்துக்கு மேல் முதன்முதலாக விமானத்தில் பறந்தவர்கள் இந்த 602-ன் தலைவர் கிளைட்ஸ்டேல் பிரபுவும் அதே ஸ்குவாட்ரனின் மெக்கின்டயரும். கிளம்பியது நம் பீகாரின் பூர்ணியாவிலிருந்து. 1939 மே மாதம் 602-க்கு அன்றைய புதுப் போர் விமானமான ஸ்பிட்ஃபயரே வந்துவிட்டது, பல முழுநேர ஸ்குவாட்ரன்களுக்கு முன்பாக.

அந்த ஆண்டு அக்டோபர் 16 அன்று ஜெர்மன் ஜங்கர்ஸ் குண்டுவீச்சு விமானங்கள் ஸ்காட்லாந்தின் ஃபோர்த் முகத்துவாரத்தில் நின்ற போர்க்கப்பல்களைத் தாக்க வந்தன. எதிர்த்து எழும்பியவை 602, 603. பிரிட்டன் மண்ணின் மேல் அந்தப் போரில் முதன்முதலாக வீழ்த்தப்பட்ட எதிரி விமானங்கள் அன்று விழுந்தன. ஒன்றை வீழ்த்தியவர் பேட்ரிக் கிஃபர்ட், காஸில் டக்ளஸ் என்ற சிற்றூரின் வழக்கறிஞர். இன்னொன்றை வீழ்த்தியவர் ஜார்ஜ் பிங்கர்டன், விவசாயி. கிஃபர்ட் அடுத்த மே மாதம் போரில் இறந்தார். 1940 கோடையில் பிரிட்டனைக் காத்த போர் விமானப் படையணிகளில் 14 இந்தத் துணைப்படை ஸ்குவாட்ரன்கள்.

ஆனால் அதே பிரிட்டன் 1957 மார்ச்சில் அத்தனை பறக்கும் துணை ஸ்குவாட்ரன்களையும் கலைத்துவிட்டது. ஜெட் விமானம் சிக்கலாகிவிட்டது, செலவு கூடிவிட்டது, வார இறுதியில் வருபவரால் ஒலியை விஞ்சும் விமானத்தைக் கையாள முடியாது என்பது வாதம். இன்று அமெரிக்காவின் ஹவாய் கார்டு விமானிகள் எஃப்-22 ஓட்டுகிறார்கள், வெர்மான்ட் கார்டு 2019 முதல் எஃப்-35 ஓட்டுகிறது. ஒரே சந்தேகத்துக்கு இரண்டு நாடுகள் இரண்டு பதில் சொல்லியிருக்கின்றன. அமெரிக்கா சமாளித்ததற்கு என் பார்வையில் ஒரு முக்கியக் காரணம், ரிசர்வ் படையணிக்குள்ளேயே முழுநேர ஊழியர்களை வைத்தது. 1958-ல் தொடங்கிய டெக்னீஷியன் முறையில், வாரநாளில் அரசுப் பணியாளராகவும் பயிற்சி நாளில் அதே படையணியின் வீரராகவும் ஒருவரே இருப்பார். விமானம் தயாராக இருப்பது, பயிற்சிக் கணக்கைப் பார்ப்பது, பாடம் நடத்துவது எல்லாம் இவர்கள் பொறுப்பு. பகுதிநேர விமானி வந்து இறங்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பிரிட்டனின் துணை ஸ்குவாட்ரன்களில் இவ்வளவு தடித்த முதுகெலும்பு இருக்கவில்லை.

பிரிட்டன் பிறகு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 1996-ன் ரிசர்வ் படைச் சட்டம் 'ஸ்பான்சர்டு ரிசர்வ்' என்ற வகையை உருவாக்கியது. ராணுவத்துக்கு ஒப்பந்த வேலை செய்யும் நிறுவனத்தின் ஊழியர், தேவை வரும்போது சீருடைக்குள் வருவார். பிரைஸ் நார்ட்டன் தளத்தில் உள்ள வாயேஜர் டேங்கர் விமானங்கள் இப்படித்தான். அவை ஏர்பஸ் ஏ330 விமானங்கள்; ஏர்டேங்கர் என்ற கூட்டு நிறுவனத்துக்குச் சொந்தமானவை; 2008-ல் 27 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள், 14 விமானங்கள். அந்த நிறுவனத்தின் விமானிகளில் ரிசர்வாகப் பதிந்தவர்கள், விமானப்படையின் 10, 101-வது ஸ்குவாட்ரன் விமானிகளோடு சேர்ந்து பறக்கிறார்கள். சாதாரண நாளில் ஃபாக்லாந்துத் தீவுகளுக்குப் படையினரை ஏற்றிச் செல்லும் விமானத்தின் கேப்டன், போர்க்காலத்தில் போர் விமானங்களுக்கு எரிபொருள் கொடுக்கப் போகலாம். போர்ப் பகுதியில் ஒப்பந்தத் தொழிலாளியாக அல்லாமல், போர்ச்சட்டப்படி படைவீரராக அவர் இருப்பதற்குத்தான் இந்த ஏற்பாடு. அந்தச் சட்டப் பாதுகாப்பு பெரிய விஷயம்.

சட்டம் என்றதும் வேலை பற்றியும் சொல்லியாக வேண்டும். விமான நிறுவனத்தில் எல்லாமே சீனியாரிட்டி: எந்த விமானம், எந்த ஊர், எந்த மாதம் விடுப்பு, எப்போது கேப்டன் பதவி என்று. இரண்டு வருடம் போருக்குப் போய் வந்தவர் வரிசையில் பின்னால் தள்ளப்பட்டால் யாரும் ரிசர்வில் சேர மாட்டார்கள். அமெரிக்காவில் 1994-ல் வந்த சட்டம், படைச் சேவைக்குப் போனவர் திரும்பும்போது, போகாமலே இருந்திருந்தால் எந்த இடத்தில் இருந்திருப்பாரோ அந்த இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. பொதுவாக மொத்தம் ஐந்து வருடம் வரை இந்தப் பாதுகாப்பு. போர்க்கால அழைப்புகள் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் குறுகிய கால விடுப்புக்குச் சம்பளம் தர வேண்டுமா என்று விமானிகள் யுனைடெட், அலாஸ்கா ஏர்லைன்ஸ் நிறுவனங்கள் மேல் வழக்குப் போட்டு, 2021-லும் 2023-லும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வரை போய்த் தங்களுக்குச் சாதகமான தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. சட்டம் இருந்தாலும் உரசல் இல்லாமல் இல்லை.

கஷ்டங்களை மறைத்துப் பேசக் கூடாது. முதலாவது களைப்பு. நிறுவனப் பறப்புக்கு மணிநேர வரம்பு உண்டு, படைப் பறப்புக்குத் தனி வரம்பு உண்டு. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மனிதர் ஒருவரே. ஞாயிறு இரவு படை விமானத்தை நிறுத்திவிட்டுத் திங்கள் காலை பயணிகளோடு கிளம்பலாமா என்று நேர்மையாக முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான். அமெரிக்க விதியும் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் 'நான் பணிக்குத் தகுதியாக இருக்கிறேன்' என்று அவரே உறுதி சொல்ல வேண்டும் என்கிறது. இரண்டாவது, முதுகெலும்பு என்றேனே, அந்த டெக்னீஷியன் பணியிடங்கள். விமான நிறுவனங்கள் கொடுக்கும் சம்பளத்துக்கு முன்னால் அரசுச் சம்பளம் நிற்க முடிவதில்லை. பகுதிநேரத்துக்கு ஆள் கிடைக்கிறது, அவர்களைத் தாங்கும் முழுநேரத்துக்குக் கிடைப்பது கடினமாகிறது. மூன்றாவது குடும்பம். மாதத்தில் பாதி நாள் நிறுவனப் பறப்பு, மீதியில் ஒரு பங்கு படைக்கு என்றால் வீட்டுக்கு எஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சுமையில் பெரும்பகுதியை மனைவியோ கணவரோ சுமக்கிறார், அவருக்குச் சம்பளமும் கிடையாது, பதக்கமும் கிடையாது.

இந்தியா பற்றிய கேள்விக்கு வருகிறேன். நமக்கு இதில் பழைய வரலாறு உண்டு, சென்னைக்கும் உண்டு. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்திய விமானப்படைத் தன்னார்வ ரிசர்வில் கரையோரப் பாதுகாப்பு ஃபிளைட்டுகள் (சிறு விமானப் படையணிகள்) எழுப்பப்பட்டன. முதலாவது சென்னையில், பிறகு பம்பாய், கல்கத்தா, கராச்சி, கொச்சி, விசாகப்பட்டினம். ஃபிளையிங் கிளப்புகளில் ஓட்டப் பழகிய இந்தியர்களும் ஆங்கிலேயர்களும் பழைய வாபிட்டி விமானங்களில் கடலுக்கு மேல் ரோந்து போனார்கள். 1940-ல் குடிமை விமானி உரிமம் வைத்திருந்த 24 இந்தியர்கள் பிரிட்டனுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் மகிந்தர் சிங் பூஜ்ஜி. டெல்லி ஃபிளையிங் கிளப்பில் உரிமம் வாங்கி, ஷெல் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1941-ல் ஹரிக்கேன் விமானத்தில் ஆங்கிலேயக் கால்வாய்க்கு மேல் போரிட்டார், பின்னர் பர்மா முனையில் டி.எஃப்.சி. என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்றார். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகருக்கு முதல் துருப்புகளைக் கொண்டுபோனபோதும் விமானப்படையின் டகோட்டாக்களோடு தனியார் நிறுவன டகோட்டாக்களும் பறந்தன. அவற்றை ஓட்டியவர்கள் சீருடை இல்லாத நிறுவன விமானிகள்.

1952-ல் நாடாளுமன்றம் ரிசர்வ் மற்றும் துணை விமானப்படைகள் சட்டத்தையும் நிறைவேற்றியது. அதன்படி நகரங்களை ஒட்டித் துணை ஸ்குவாட்ரன்கள் எழுப்பப்பட்டன, சென்னையிலும் ஒன்று. 1960-களில் அந்த முயற்சி முழுநேரப் படைக்குள் கரைந்துவிட்டது. ஆக, சட்டப் புத்தகத்தில் இடம் உண்டு. அமெரிக்காவில் உள்ளதுபோல் நிறுவன விமானி மாதாமாதம் படை விமானம் ஓட்டும் நடைமுறை இல்லை.

மீண்டும் தொடங்குவதானால் போர் விமானத்தில் தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. ஹிண்டன் தளத்தில் 81-வது ஸ்குவாட்ரனிடம் 11 சி-17 விமானங்கள் இருக்கின்றன. நிலநடுக்கம் வந்தால், வெளிநாட்டிலிருந்து இந்தியர்களை மீட்க வேண்டியிருந்தால், லடாக்குக்குத் தளவாடம் போக வேண்டியிருந்தால் அவைதான் இரவுபகலாகப் பறக்கின்றன. நார்ட்டனில் 1968-ல் இருந்த அதே கணக்கு: விமானம் தாங்கும், குழு களைக்கும். அந்த விமானத்தையும் அதற்கு முந்தைய ஐ.எல்-76 விமானத்தையும் பல வருடம் ஓட்டியவர்கள் ஓய்வு பெற்றோ விலகியோ இன்று நம் பயணிகள் விமானங்களில் கேப்டன்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் விருப்பமுள்ளவர்களை வைத்து ஒரே ஒரு அசோசியேட் ஃபிளைட் தொடங்க, புது விமானம் எதுவும் வாங்க வேண்டாம். வேண்டியவை: சிமுலேட்டரில் இடம், மாதத்துக்கு இத்தனை பறப்பு என்ற உறுதி, கணக்குப் பார்க்கும் முழுநேர ஊழியர் சிலர், அவருடைய சீனியாரிட்டிக்கும் ரோஸ்டருக்கும் நிறுவனத்திடமிருந்து எழுத்துப்பூர்வ உத்தரவாதம், இரு பறப்புகளையும் சேர்த்து ஓய்வு நேரத்தைக் கணக்கிடும்படி விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் ஒரு விதி. இந்த ஐந்தில் கடைசி இரண்டும்தான் கடினம், ஏனென்றால் அவை பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் மட்டும் இல்லை.